வடிவா இறங்குங்கோ

சுந்தரம்மாவுக்கு மனச்சோர்வு வந்து இரண்டு வருடம். மருந்தில் அழுகை நின்றது. நெஞ்சிலிருந்த பாரம் மட்டும் காலி பண்ண மறுக்கும் குடித்தனக்காரனைப் போல உட்கார்ந்துகொண்டது. வாசலைத் தாண்டுவதே பெரும்பாடு. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பலாபத்வல ரோட்டுக்கு இறங்க அறுபத்திரண்டு படி. அடுத்த மாதம் யட்டவத்தயில் மகள் பிரவீனாவுக்குப் பதிவுத் திருமணம். அம்மா வராமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள்.

வாரம் ஒருமுறை வீடு தேடி வரும் மனநல ஆலோசகர் லோஜனா மிஸ் யாழ்ப்பாணத்துப் பெண். ஒன்றைச் செய்யுமுன் அதைச் செய்வதாகக் கண்ணை மூடிப் பார்க்க வேண்டும், பிறகு எழுந்து செய்ய வேண்டும், நாளுக்கு நாள் கூட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். “படி இறங்கிறதை முதல்ல வடிவா மனசில பாருங்கோ அம்மா. பிறகு வடிவா இறங்குங்கோ.”

யாழ்ப்பாணத்தார் வாயில் ‘வடிவா’ என்றால் ஒழுங்காக, கவனமாக என்றும் அர்த்தம். சுந்தரம்மாவுக்குத் தெரிந்த வடிவு அழகு ஒன்றுதான்.

மறுநாள் காலை கண்ணை மூடினாள். படியில் நைட்டியும் பரட்டைத் தலையுமாக ஒருத்தி நின்றாள். இதுவா வடிவு? மனதுக்குள்ளேயே அவளுக்கு மாம்பழ நிறச் சேலை கட்டி, பூ வைத்துவிட்டாள். நடையும் சரியில்லை, கொழுந்துக் கூடை சுமந்து கூனிய நடை. முதுகை நிமிர்த்தினாள். கண்ணைத் திறந்ததும், பார்த்ததைச் செய்ய வேண்டுமே என்று பெட்டியிலிருந்து அதே சேலையை எடுத்தாள்.

முதல் நாள் மூன்று படி. ஒரு வாரத்தில் இருபது. பூவும் பவுடருமாகக் கை வீசி இறங்கும் மனைவியைப் பார்த்து, மருந்து கூடிவிட்டதோ என்று அழகமுத்து வெலவெலத்துப் போனார். படியோரம் கடை வைத்திருக்கும் அபீபா, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள். இரண்டு வருடத்தில் முதல்முறையாகச் சுந்தரம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

லோஜனா வந்தபோது அலங்காரத்துக்குக் காரணம் கேட்டாள். சுந்தரம்மா சொன்ன பதிலில் அடக்கமாட்டாமல் சிரித்து, வடிவாவின் அர்த்தத்தைச் சொல்லிவிட்டாள். சுந்தரம்மாவின் முகம் விழுந்தது. ஊர் பார்க்க வேஷம் போட்டோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்ன, கை தலைப்பூவுக்குப் போனது. இனி இறங்கவே மாட்டாளோ என்று லோஜனாவுக்குப் பகீரென்றது. தப்பு என்னுடையதுதான் என்று அவசரமாகச் சொன்னாள்.

“அது உங்க ஊரு வடிவுங்க மிஸ்,” என்றாள் சுந்தரம்மா கடைசியில். “என்னைய எறக்குனது இந்த வடிவுதான்.” பூவை எடுக்கவில்லை, சரிசெய்துகொண்டாள்.

கல்யாணத்தன்று பட்டுச் சேலையும் புதுச் செருப்புமாகப் பிரவீனா பாதிப் படியில் தடுமாறினாள். அம்மாவைப் பிடித்து இறக்கலாம் என்று திரும்பினால் பின்னால் ஆளைக் காணோம். கீழே ரோட்டில் நின்ற ஆட்டோவுக்குள்ளிருந்து மாம்பழ நிறச் சேலை எட்டிப் பார்த்தது.

“வடிவா எறங்கு புள்ள. அவசரமில்ல.”