கோலமாவு கலையாமல் நடந்தவள்

எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு வந்த செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு ஷீலாவின் பாதங்கள் தரையிலிருந்து நாலு விரற்கடை உயர்ந்தன. கணவர் சாலமன் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. மாத்திரையில் உடம்பு தேறி, எடையும் ஐந்து கிலோ கூடியது. பாதங்கள் மட்டும் இறங்கவில்லை. புடவைகளுக்கெல்லாம் அடியில் துணி ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டாள். தையல் மெஷின் மிதிகட்டையில் ஒரு செங்கல்லைக் கட்டிக்கொண்டாள். குரோம்பேட்டையில் ஏழு வருடம் யாருக்கும் தெரியாது. தெரிந்தால், மாடியை வாடகைக்கு விட்டிருந்த மீன்கார அங்காளம்மா காலி செய்யச் சொல்லிவிடுவாள் என்று பயந்தாள்.

ஏழாவது வருடம் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தை மக்களே வகுக்க வேண்டுமென்று உத்தரவு வந்தது. திட்ட அலுவலர் ஷ்யாம்சுந்தர் சமுதாயக் கூடத்தில் ஆட்களைக் கூட்டி, தரையில் கோலமாவால் ஊரை வரையச் சொன்னார். மாவு பறக்காமலிருக்க மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, ஜி.எஸ்.டி. ரோடு, தண்டவாளம், திருநீர்மலை, நீலப் பொடியில் ஏரி என்று இரண்டு மணி நேரம் நெருக்கி நெருக்கிப் போட்டார்கள். முடித்த பிறகுதான் நடுவில் கால் வைக்கக்கூட இடம் விடவில்லை என்று தெரிந்தது. ஷ்யாம்சுந்தர் ஒட்டடைக் குச்சியால் ஒரு தீப்பெட்டியைத் தள்ளிப் பஸ் நிறுத்தத்தில் நிறுத்தினார். அதுதான் பரிசோதனை வண்டி. போன வருடமும் அங்கேதான் நின்றது. ஏறியவர்கள் ஆறு பேர், அதில் இருவர் டிரைவரும் நர்ஸும்.

"அங்க நிக்கவெச்சா எவன் சார் ஏறுவான்? மாமியாக்காரி பஸ்ஸுக்கு நின்னுகினு கீறா" என்றாள் அங்காளம்மா.

"வேற இடம் வாயால சொல்லுங்கம்மா, எழுதிக்கிறேன்."

"போன தபாவும் வாயாலதான் சொன்னோம். டைப்பாகி வர்றதுக்குள்ள பஸ் ஸ்டாப் ஆயிட்ச்சு."

அது உண்மைதான். மேலிடத்துக்குப் போகப்போவது வரைபடத்தின் போட்டோ. அதில் தீப்பெட்டி நிற்கும் இடமே திட்டம். குச்சியோ அதற்குமேல் எட்டவில்லை.

ஷீலாவுக்கு இடம் தெரியும். சாலமன் மூன்று முறை அந்த வண்டிவரை போய், நிறுத்தத்தில் மைத்துனனைக் கண்டு திரும்பியவர். அவள் எழுந்தாள். கணுக்கால் தெரியப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏரியின்மேல் நடந்தாள், தண்டவாளத்தைக் கடந்தாள். ஒரு துளி மாவு நகரவில்லை. தீப்பெட்டியை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டின் பின்சந்தில் வைத்தாள்.

"இங்க எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டுதான் வராங்க சார். யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க. சுகர், பிபியும் சேர்த்தே பாருங்க." பிறகு அங்காளம்மாவைப் பார்க்காமல் சொன்னாள்: "எனக்கும் இருக்கு. ஏழு வருஷமா."

கூடம் முழுவதும் அவள் பாதங்களையே பார்த்தது.

"இன்னாமா ஷீலா" என்றாள் அங்காளம்மா. "இத்தினி நாளா இத்த வெச்சிகினு சும்மாவா கீற? பரண்மேல கீற இட்லிப் பானை எனக்கு நாலு விரல்தான் எட்டல."

முதல் ஞாயிறு வண்டியில் நாற்பத்தொரு பேர் ஏறினார்கள். வண்டி இன்றும் அந்தச் சந்தில்தான் நிற்கிறது. ஷீலா ஒட்டுத்துணிகளைப் பிரித்துவிட்டாள். ஞாயிறுதோறும் இட்லிப் பானையை இறக்கிக் கொடுத்துவிட்டுத்தான் வேறு வேலை பார்க்கிறாள். வருடா வருடம் வரைபடம் போடுகிறவர்கள் இப்போதும் நடுவில் கால் வைக்க இடம் விடுவதில்லை. ஷீலா வருவாளே.