மக்கும் என்று அச்சடித்த பை

பேரிகை கிராமத்துப் பூவம்மாள், வேரோடு பிடுங்கிய ரோஜாச் செடியை எங்கள் கம்பெனி மேனேஜர் மேசைமேல் போட்டார். நாங்கள் விற்ற நாற்றுப் பை கிழியாமல் வேரை நெரித்துக்கொண்டிருந்தது.

"பையோடவே நடுங்க, மண்ணுல மக்கிப் பூடும்னு சொன்னீங்களே சார்? தோட்டமே வாடிக் கெடக்குது!"

"தண்ணி பத்தலம்மா," என்றார் மேனேஜர் கமலக்கண்ணன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மக்காச்சோளத்தில் செய்கிற மக்கும் பிளாஸ்டிக் தனியாக இருந்தால் மொடமொடவென்று உடையும். நன்றாக இழுபடுகிற இன்னொரு மக்கும் பிளாஸ்டிக்கை அதில் கலந்து, உருக்கி, உறுதியான பையாக ஊதிக் காட்டியவர்கள் மிஷினில் நிற்கும் நாங்கள். ஆர்டர் கிடைத்ததும், விலை குறைவென்று சாதா பாலிதீனைக் கலக்கச் சொன்னவர் இவர்.

"அக்கா, அதுல பாதி பாலிதீன். உங்க பேரன் காலத்துலயும் மக்காது," என்றேன்.

"இருளப்பா, வேலைய விட்டுட்டு ஒன் ஊரு பரமக்குடிக்கு பஸ் ஏறணுமா?" என்று உறுமினார் மேனேஜர்.

பூவம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை. "மிச்சச் செடியாச்சும் பொழைக்குமாப்பா?" என்று என்னைக் கேட்டார்.

"தோண்டி, பையக் கிழிச்சு நட்டா பொழைக்கும்க்கா."

கையுறையைக் கழற்றி, செடியின் பக்கத்தில் வைத்தேன்.

"பஸ் ஏறுறேன் சார். ஆனா பரமக்குடிக்கு இல்ல, பேரிகைக்கு. நீங்க கலக்கச் சொன்னத நாந்தான கலந்தேன்? நானே போயிக் கிழிக்கிறேன்."