உப்புத் தடம்

"அதையும் கழட்டிடுங்க சார்" என்று வரவேற்பில் இருந்த பெண் அவருடைய இடது மணிக்கட்டைக் காட்டினாள். கடிகாரமும் மோதிரமும் ஏற்கெனவே தட்டில் கிடந்தன. மிச்சமிருந்தது ஒரு மஞ்சள் நூல் வளையம். லிஃப்ட் பொருத்தும்போது உச்சியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நேர் பார்க்க அவர் வைத்திருக்கும் நூலில் வெட்டியது.

"இது எப்பவும் இருக்கும்மா."

"உப்புத் தண்ணி சார். ஊறினா கையை அறுக்கும்."

மகள்தான் முன்னால் வந்து முடிச்சைத் தளர்த்தி வளையத்தை உருவினாள். "குடுங்க, நான் பத்திரமா வச்சிருக்கேன். ராத்திரி இந்த நூலைத் தாண்டித் தாண்டியே அம்மா இளைச்சுட்டாங்க."

பள்ளியில் படிக்கும்போது அவளுக்குத் தூக்கத்தில் வலிப்பு வர ஆரம்பித்தது. சத்தமே இருக்காது. அதுதான் அவரை உலுக்கியது. அடுத்த அறையில் ஓர் உடம்பு வெட்டி வெட்டி இழுப்பது யாருக்கும் கேட்காமலேயே நடந்து முடிந்துவிடலாம். அன்றிலிருந்து அவள் மணிக்கட்டில் ஒரு வளையம், அவர் மணிக்கட்டில் ஒரு வளையம், நடுவே கதவிடுக்கு வழியாகப் போகும் நூல். பிறகு வலிப்பு நின்றது. மாத்திரை குறைந்தது. நூல் மட்டும் நிற்கவில்லை. அவள் புரண்டு படுத்தால்கூட எழுந்து போய்க் கதவருகே நின்று மூச்சைக் கேட்பார். திரும்பி வந்து படுத்தால், அடுத்த இழுப்புக்காக இடது கை விழித்திருக்கும். போன மாதம் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். கூட இருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது.

அந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. "அவ்வளவு நீளமா நூல் கிடைக்காதுப்பா" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கடைசியில் அவளே ஒரு பந்தயம் கட்டினாள். உப்புத் தண்ணீரில் இருட்டில் மிதந்தால் தூக்கம் வருமாம், தோழியின் அக்காவுக்கு வந்ததாம்.

"ஒரு மணி நேரம். நான் வெளியதான் உக்காந்திருப்பேன். நடுவுல எழுந்து வராம இருந்தீங்கன்னா நான் ஹாஸ்டலுக்குப் போறேன். வந்துட்டீங்கன்னா அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன். இங்கயே ஏதாவது படிக்கறேன்."

தொட்டி பெரிய வெள்ளை முட்டை மாதிரி இருந்தது. "மூடி பூட்டாது சார். உள்ள இருந்தே தள்ளலாம். காத்து வந்துக்கிட்டே இருக்கும், பயப்படாதீங்க" என்றாள் அந்தப் பெண். மாடிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டவர்களிடம் அவர் காலம் காலமாகச் சொல்லிவரும் அதே வார்த்தைகள். அவர்கள் ஏன் ஒருநாளும் நம்பியதில்லை என்று இப்போது புரிந்தது.

தண்ணீர் உடம்பின் சூட்டிலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் தோல் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போயிற்று. தொங்குகிற எதற்கும் மேலே ஒரு கயிறு உண்டு. அதை விரலால் தடவி, அறுந்த இழை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. இங்கே கயிறே இல்லை. ஆனாலும் விழவில்லை. அதை எப்படி நம்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. இதயம் காதுக்குள் இடித்தது. இடது கை மட்டும் தனியே விரிந்து மிதந்து, காத்துக்கொண்டிருந்தது.

இழுத்தது.

கை தொட்டிச் சுவரில் முட்டியிருக்கலாம். யோசிக்கும் முன்பே மூடியைத் தள்ளிவிட்டார். கண்ணில் உப்பு எரிய, கிடைத்த துண்டைச் சுற்றிக்கொண்டு நடையில் ஓடினார். வரவேற்பில் யாருமில்லை. நாற்காலியில் மகளின் பை மட்டும் இருந்தது. வாசல் பக்கம் ஓடினார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, படியில் அவள் நின்றிருந்தாள். முதுகு காட்டி, போனில் யாரிடமோ பேசிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. நூல் வளையத்தை ஆள்காட்டி விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். அது கழன்று மேலே போயிற்று. பார்க்காமலேயே பிடித்தாள்.

கண்ணாடியைத் தட்டினால் போதும். அவள் திரும்புவாள், முகம் வாடும், சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாள். இன்றைக்கு ராத்திரியும் நூல் இருக்கும். தட்டுவதற்குக் கை எழும்பியே நின்றது. முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பிறகு குதிகால் படாமல், விரல் நுனியில் திரும்பி நடந்தார். இருட்டுக்குள் படுத்து மூடியைத் தன் கையாலேயே இழுத்துக்கொண்டார். எஞ்சிய நேரம் முழுக்கத் தூங்கவில்லை.

குளித்து உடுத்தி வெளியே வந்தபோது அவள் நாற்காலியில் இருந்தாள். கையில் பத்திரிகை, நகத்தைக் கடித்தபடி.

"வரவே இல்லையேப்பா நீங்க! தூங்கினீங்களா?"

"குறட்டையே விட்டேன். கேக்கலையா?"

அவள் துள்ளி எழுந்தாள். பையை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். கறுப்புத் தரையில் உப்பு காய்ந்திருந்தது. நடையிலிருந்து கண்ணாடிக் கதவு வரை அகன்ற பாதங்கள், ஓட்டத்தில் தேய்ந்தவை. கதவருகே வெள்ளையாய் ஒரு திட்டு. அங்கிருந்து திரும்பிப் போகும் விரல்கள் மட்டும், ஐந்து ஐந்தாக.

அவர் கடிகாரத்தைக் கட்டுவதில் மும்முரமாக இருந்தார். வார் ஓட்டைக்குள் போகவே மாட்டேன் என்றது.

உள்ளேயிருந்து அந்தப் பெண் மாப்போடு வந்தாள். "யாரு, இப்படி ஈரக்காலோட..."

"அக்கா, ஒரு நிமிஷம்" என்றாள் மகள். நூல் அவள் விரலில் இறுகச் சுற்றியிருந்தது. மின்விசிறிக் காற்றில் தடங்கள் மேலும் வெளுத்துக்கொண்டிருந்தன. ஒன்றின் மேலும் கால் படாமல் அவள் கதவை நோக்கி நடந்தாள்.