மூன்றாவது ஜன்னல்

பிலிப்பா பெட்டியைக் கட்டிப் புல்வெளியில் கொண்டுபோய் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். மாடியில் எங்கள் படுக்கையறைச் சுவரில் முதல் உளி இறங்கியதும் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தாள். என் நாத்தனார் சொன்னால் செய்கிறவள்.

ஹார்ஸ்பி மாளிகையின் முகப்பில், மாடி வரிசையில் பதினோரு ஜன்னல்கள். இடப்பக்கமிருந்து மூன்றாவது பொய். செங்கல் சுவரில் கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைச் சட்டமும் வரைந்தது. அதற்குப் பின்னாலிருக்கும் எங்கள் அறையின் கூரை மிகத் தாழ்வு. அங்கே நிஜ ஜன்னல் வைத்தால் வரிசையை விட்டுக் கீழே இறங்கித்தான் இருக்கும். அதனால் அந்தக் காலத்தில் வரைந்து சமாளித்துவிட்டார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் பிலிப்பாதான் ஏணியில் ஏறி அதற்கு வர்ணம் பூசுவாள். போன வருடம் பாதி விலக்கிய திரை ஒன்றையும் சேர்த்து வரைந்தாள். உள்ளே நானும் என் கணவர் ரூபர்ட்டும் கல்யாணமான நாளிலிருந்து பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக் காலுறை தேடிக்கொண்டிருந்தோம். கடைசியில், சுவரை உடைத்து நிஜ ஜன்னலே வைத்துவிடுவது என்று முடிவெடுத்தோம்.

"ஒண்ணு மட்டும் கீழ தொங்கினா வீடே கோணவாய் காட்டுற மாதிரி இருக்கும்டா" என்று அன்று காலையில்கூடத் தம்பியிடம் சண்டை போட்டாள்.

"நீ வெளிய நின்னு ரசிக்கிற. நாங்கதானே உள்ள கிடந்து முட்டிக்கிறோம்!"

டென்ஸில் என்ற கொத்தனார் ஓங்கி அடித்தார். சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கல் சட்டம் ஒன்று தெரிந்தது. தூசியைத் துடைத்தால், ஈயக் கம்பிகளுக்கிடையே சின்னச் சின்னப் பச்சைக் கண்ணாடிகள்.

"சார், இங்க ஏற்கெனவே ஒரு ஜன்னல் இருக்கு."

ரூபர்ட் பக்கத்து அறைக்கு ஓடி ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "பிலிப்பா! மேல வா. பெட்டிய எவனும் தூக்கிட்டுப் போக மாட்டான்!"

வந்தாள். பழைய வீட்டுக்கு முன்னால் இந்த முகப்புச் சுவரை எழுப்பியபோது மூடிப்போன ஜன்னல் அது. கொக்கியை நீக்கி இழுத்தாள். முனகிக்கொண்டு திறந்தது. எதிரே ஒரு சாண் தள்ளி, பூசாத செங்கல். அவள் வருடாவருடம் வர்ணம் பூசிய சுவரின் முதுகு. அதைத் தடவிப் பார்த்தாள்.

"கண்ணுக்கு மை தீட்டுறதா நெனச்சுட்டிருந்தேன். கண்ணையில்ல கட்டிட்டிருந்திருக்கேன்."

எப்போதும் பதிலடி கொடுக்கும் ரூபர்ட், அன்றைக்கு அக்காவின் தோளைத் தொட்டார். "வேண்டாம்னா மறுபடியும் மூடிடலாம். எங்களுக்கு விளக்கு இருக்கு, விடு."

அவள் முகத்தைப் புறங்கையால் துடைத்தாள். மூக்கெல்லாம் சுண்ணாம்பு. பிறகு டென்ஸிலின் கையிலிருந்த சுத்தியலை வாங்கினாள்.

"எங்க அடிச்சா மேல இடியாது?"

அவர் தொட்டுக் காட்டினார். அவள் அடித்த அடியில் தோட்டக்காரர் வளர்த்த ரோஜாச் செடி மேல் செங்கல் ஒன்று போய் விழுந்தது. சில்லென்று காற்று உள்ளே வந்தது. நாங்கள் மூன்று பேரும் கன்னத்தோடு கன்னம் இடித்துக்கொண்டு அந்தத் துளை வழியே எட்டிப் பார்த்தோம். தூரத்துச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்த செம்மறியாடு ஒன்று, மெல்லுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தது.