கடற்பாசிச் சாறு

வெங்கடராமன் அந்தப் பழுப்புக் குப்பியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தபோது, மாதங்கி முழங்கையைச் சொறிந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக அவள் கேட்டதும் அவர் மறுத்ததும் அதைத்தான்.

ஜாதவ்பூரில் அவருடைய ஆய்வுக்கூடத்தில், மண்டபம் கடற்கரையிலிருந்து வந்த கடற்பாசியைக் காய்ச்சிச் சாறெடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வாமையில் வீங்கிய காதுகள் வடிந்தன. “எலிக்கெல்லாம் சரியாறது, எனக்கு எப்போன்னா?” என்பாள் மாதங்கி. மனுஷாளுக்குக் கொடுக்க இன்னும் எத்தனையோ படி இருக்கிறது என்பார். அவளுக்கோ உடம்பெல்லாம் தடிப்பு. எதனால் என்று எந்த டாக்டருக்கும் பிடிபடவில்லை. மாத்திரை போட்டால் அடங்கும், ஆனால் கண்ணைச் சுழற்றும். வகுப்பில் இரண்டு தடவை தூங்கிப்போனவள், யாரும் சொல்வதற்கு முன்னால் தானே வாத்தியார் வேலையை விட்டுவிட்டாள்.

இரண்டாயிரத்து நாலு மார்ச்சில் ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. அலமாரியைக் காலி செய்தபோது மிஞ்சிய சாற்றைக் கொட்ட அவருக்கு மனம் வரவில்லை. அவளிடம் சொல்லாமல் பத்து நாள் தானே குடித்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

“சாப்பிடற பாசிதான். கேக்குமான்னு தெரியாது. ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தினாத்தான் தெரியும்.”

“நிறுத்திட்டாப் போச்சு” என்றாள்.

மூன்றாம் நாள், “இப்போ தேவலை” என்றாள். ஐந்தாம் நாள், “ஏன்னா, அரிப்பே இல்லை.” புழுக்கத்தில் முழுக்கை ரவிக்கை எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. நோட்டில் தேதி போட்டு எழுதினார். வெகு நாளைக்குப் பிறகு, குளிக்கும்போது ஏதோ ராகத்தை முணுமுணுத்தார்.

ஆறாம் நாள் ஆய்வுக்கூடத்தில் கரண்ட் இல்லாமல் மத்தியானமே பவானிபூர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. ஈரத் தரையில் உட்கார்ந்து, முதுகைச் சிமெண்டுச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தாள் மாதங்கி. தோளிலிருந்து இடுப்புவரை சிவந்து தடித்திருந்தது. நகம் பட்ட இடங்களில் ரத்தம்.

“ஏன் பொய் சொன்னே?”

அவள் புடவையை இழுத்துப் போர்த்தப் பார்த்தாள். முடியவில்லை.

“அந்தக் கடுதாசி வந்ததுலேர்ந்து நீங்க சரியாச் சாப்பிடலை. நான் தேவலைன்னு சொன்ன அன்னிக்குத்தான் ரெண்டாந்தரம் சாதம் கேட்டேள்.”

அவர் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் தட்டைக் கவிழ்த்து, கட்டிகளைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். அவளுக்குப் பின்னால் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து முதுகில் ஒற்றினார். அவள் ஒருமுறை சிலிர்த்து, பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே யாரோ பால்கனியிலிருந்து மீன்காரனைக் கூப்பிட்டார்கள். உருகிய தண்ணீர் அவருடைய மணிக்கட்டு வழியாக இறங்கி, சட்டைக் கைக்குள் போய்க்கொண்டிருந்தது.