என் பெயரில் மூன்று போன்

முதல் பில் வந்தபோது தபால்காரர் வீடு மாறிப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த மாதம் மூன்று பில்கள் சேர்ந்து வந்தன. மூன்றிலும் என் பெயர், என் முகவரி. எண்கள் மட்டும் நான் கனவில்கூடக் கண்டிராதவை.

"இருக்கிற ஒரு போனையே எங்க வச்சேன்னு வீடெல்லாம் தேடுற ஆளு நீங்க," என்றாள் மனைவி. "இன்னும் மூணு யாருக்குங்க?"

அந்த 'யாருக்கு'வில் கொஞ்சம் காரம் இருந்தது. எனக்கு அந்தச் சாமர்த்தியமெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உடனே ஒப்புக்கொண்டுவிடுவாளே என்று மூடிக்கொண்டேன்.

பில்லின் அடியில் ஒரு வரி இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் என் பெயரிலுள்ள எல்லா எண்களும் துண்டிக்கப்படுமாம். எல்லாம் என்றால் என் சொந்த எண்ணும்தான். நான் தண்ணீர் மோட்டார் மெக்கானிக். சரிசெய்த ஒவ்வொரு மோட்டாரின் முதுகிலும் என் நம்பரை ஒட்டிவிட்டுத்தான் வருவேன். அது போனால் பிழைப்பும் பின்னாலேயே போகும்.

போன் கம்பெனிக்கு ஓடினேன்.

"நான் வாங்கவே இல்லம்மா," என்றேன் கவுன்டர் பெண்ணிடம்.

"வாங்கலன்னு நீங்க சொல்றீங்க. வாங்கினீங்கன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. வாங்கலங்கறதுக்கு ஏதாவது ஆதாரம் வச்சிருக்கீங்களா சார்?"

வாழ்க்கையில் நான் செய்யாத காரியங்கள் ஏராளம். ஒன்றுக்கும் ரசீது வாங்கி வைக்கவில்லை.

"சரி, அந்த நம்பருக்கு அடிச்சாவது பாத்தீங்களா?"

தோன்றவே இல்லை. மூளை இருந்திருந்தால் நான் ஏன் மோட்டாருக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறேன்? ஸ்பீக்கரில் போட்டு அடித்தேன்.

"அண்ணே! சொல்லுங்கண்ணே!" என்றது ஒரு குரல், உறவுக்காரன் மாதிரி.

"யாருய்யா நீ?"

"அடுக்குமாடி வாட்ச்மேன்ணே! உங்க நம்பர்தான் மோட்டார் ரூம்ல ஒட்டியிருக்கே, பேரோட போட்டு வச்சிருக்கேன்."

மெல்ல மெல்ல விஷயம் வந்தது. இன்டர்காம் பழுதாகிவிட்டதால் மூன்று கேட்டுக்கும் போன் வாங்கினாராம் செக்ரட்டரி. கடையில் ஐ.டி. காப்பி கேட்டிருக்கிறார்கள். அந்தக் குடியிருப்புக்குள் வேலைக்குப் போகிறவன் கேட்டில் ஒரு காப்பி கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். நானும் ஒன்று கொடுத்திருக்கிறேன்.

"ஒரு காப்பி எடுத்துட்டு வாடான்னாரு. மேல இருந்தத எடுத்துக் குடுத்தேன். நீங்கன்னு தெரியலண்ணே. போட்டோவுல உங்க ஜாடையே இல்ல."

அது உண்மைதான். என் மனைவியும் அதையேதான் சொல்கிறாள்.

"பில் கட்டணும்னு தோணலையா?"

"பில்லே வரலியேண்ணே! ரொம்ப நல்ல கம்பெனின்னு பேசிக்கிட்டோம்."

கவுன்டர் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மோசடின்னு புகார் எழுதுங்க சார். மிச்சத்த போலீஸ் பாத்துக்கும்," என்றாள்.

"போலீஸா?" போனில் குரல் சட்டென்று சிறுத்தது. "எடுத்துக் குடுத்தது நான்தானேண்ணே..."

நான் தொட்டிக்குள் இறங்கும்போதெல்லாம் யாரும் சொல்லாமலே டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பவன் அவன்.

"வேற வழி இல்லையாம்மா?"

"அவங்க பாக்கிய கட்டிட்டு, பேர மாத்திக்கலாம். ஆனா ஓனர் சம்மதிக்கணும்."

"ஓனர் யாரு?"

"நீங்கதான் சார்."

"நான்தான் வாங்கவே இல்லையே!"

"அதனாலதான் சொல்றேன். மூணும் என்னுதுன்னு முதல்ல எழுதிக் குடுங்க. அப்புறம் உங்களுது இல்லன்னு மாத்திடலாம்."

இல்லாததை உண்டு என்றால்தான் இல்லை என்று ஆகுமாம். வாட்ச்மேன் கையிலிருந்து போனை வாங்கிப் பேசிய செக்ரட்டரி, அன்றே கட்டிவிடுவதாக ஆயிரம் மன்னிப்போடு சொன்னார். நான் எழுதிக் கொடுத்தேன்.

"ஒரு ஐ.டி. காப்பி குடுங்க சார்."

நீட்டினேன். அவள் இழுத்தாள். என் விரல்கள் விட மறுத்தன.

சனிக்கிழமை காலையில் என் போன் அடித்தது. என் சொந்த நம்பர்தான், உயிரோடு இருந்தது.

"அண்ணே, மோட்டார் நின்னுபோச்சு. கொஞ்சம் வரீங்களா?"

"இதோ கிளம்பிட்டேன்."

"வரும்போது ஐ.டி. காப்பி ஒண்ணு எடுத்துட்டு வந்துருங்கண்ணே. பழசு கடையில மாட்டிக்கிச்சு."