வெட்டிய கூடைகள் முப்பத்தொன்று

"எரிமலை வெடிச்சு இந்தத் தீவே சிதறுனப்போ என் திராட்சைக் கொடிங்க ஒரு தும்மல் போட்டுட்டு மறுபடி தூங்கப் போயிடுச்சு, பொண்ணே" என்றார் ஸ்டாமாடிஸ்.

தனாயி குறிப்பேட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "அது வெடிச்சு மூவாயிரத்து அறுநூறு வருஷமாச்சு, பெரியவரே."

"அதத்தான் சொல்றேன். அப்பவே அதுங்களுக்கு வயசாயிடுச்சு."

சாண்டோரினியில், மெகலோஹோரி ஊரில், ஸ்டாமாடிஸின் பேச்சை அப்படியே நம்புகிறவர் யாருமில்லை. அவர் பிடித்த மீனெல்லாம் படகைவிடப் பெரியது. அவர் மனைவி கல்லியோப்பி சுடும் தக்காளி வடையின் வாசனைக்குப் பக்கத்துத் தீவிலிருந்து நீந்தியே வந்தவன் ஒருவன் உண்டு. இப்போது வாழ்நாளில் முதன்முறையாக, முக்கால்வாசியாவது உண்மையைச் சொல்கிறார். அதையும் தனாயி நம்பவில்லை.

அங்கே காற்று எந்தக் கொடியையும் நிமிர விடாது. அதனால் கிளைகளைத் தரையோடு கூடைபோலப் பின்னி, திராட்சைக் குலைகளை உள்ளே ஒளித்து வளர்ப்பார்கள். கூடைக்கு எண்பது வயதாகிக் காய்ப்பு குறைந்தால் தரைமட்டத்தில் வெட்டிவிடுவார்கள். அடியிலிருக்கும் முந்நூறு வருஷத்து வேர் மறுபடி தளிர்க்கும். தோட்டத்தின் பழைய முதலாளியம்மா சொல்லித்தான், அங்கே கொடிகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டாமாடிஸ் ஜனவரியில் முப்பத்தொரு கூடைகளை வெட்டினார். பிப்ரவரியில் அந்த அம்மாள் தோட்டத்தையும் ஒயின் ஆலையையும் ஏதென்ஸ் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டார். வந்து பார்த்தவர்கள் கண்ணில் எரிமலைச் சாம்பல்தான் பட்டது. வரைபடத்தில் 'காலி இடம்' என்று எழுதி, கார் நிறுத்த ஒதுக்கிவிட்டார்கள். கம்பெனியின் பயிர் நிபுணர் தனாயி கையெழுத்துப் போட்டால் மண்வாரி இயந்திரம் வந்துவிடும்.

"கட்டையக் கீறிப் பார்த்தேன். பச்சையே இல்ல" என்றாள் தனாயி.

"வாசல்ல தட்டிட்டு வீட்ல ஆளில்லன்னு சொல்லலாமா? உயிரு கொல்லைப்பக்கம், வேர்ல இருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு."

"முளைக்கலேன்னா?"

"நான் வாயத் தெச்சுக்கறேன்."

"அதுக்காகவே பொறுக்கலாம்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

கல்லியோப்பியின் சூப் கரண்டியால் தினமும் ஒவ்வொரு கட்டையைச் சுற்றியும் சாம்பலை விலக்கிப் பார்த்தார் ஸ்டாமாடிஸ். புதன் வரை ஒன்றுமில்லை. வியாழன் காலை கரண்டியைப் போட்டுவிட்டு மண்ணில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஒருவேளை ஆழமாக வெட்டிவிட்டோமோ? அந்தக் கூடைகளில் பாதியைப் பின்னியது அவர் அப்பா. வெட்டியது இவர் கை.

வண்டியிலிருந்து இறங்கிய தனாயி அவரைப் பார்த்தாள். ஓயாமல் பேசுகிற மனிதர் பேசாமல் இருப்பது அவளுக்கு என்னவோ செய்தது. மண்டியிட்டு, அடுத்த கட்டையின் ஓரத்தை விரலால் விலக்க ஆரம்பித்தாள்.

வெள்ளி நண்பகல், பத்தொன்பதாவது கட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளி, சாம்பலுக்கடியில் தனாயியின் விரலில் ஏதோ மெத்தென்று பட்டது. ரோஜா நிறத்தில், பஞ்சு ஒட்டினாற்போல, குருவிக் குஞ்சின் அலகளவு ஒரு தளிர்.

"பார்த்தியா!" ஸ்டாமாடிஸ் இரண்டு கைகளையும் அகல விரித்தார். "ஒரு முழம் இருக்கும்!"

"பெரியவரே, சும்மா இருங்க. இதுவே போதும்."

காற்று வலுத்தது. அவள் குப்புறப் படுத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அதற்கு மறைப்புக் கட்டினாள். அவள் பையில் போன் அலறியது. அவர் எடுத்து அவள் காதில் வைத்தார். ஏதென்ஸிலிருந்து அவள் மேலதிகாரி.

"கையெழுத்துப் போடல... அந்தக் கிழவர் சொன்னது நடந்துருச்சு... இல்லைங்க, நான் எதுவும் குடிக்கல. என் கைக்குள்ளதான் இருக்கு."